கோக்குராவுக்குப் புறப்பட்ட குண்டு நாகசாகியில் விழுந்தது எப்படி?

கேள்வி இதுதான்: "1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டின் இலக்கு நாகசாகி அல்ல, கோக்குரா என்கிறார்கள். மேகம் மறைத்ததால்தான் அந்த ஊர் தப்பியதா? கொஞ்ச நேரம் காத்திருந்து போட்டிருக்க முடியாதா? இரண்டாவது குண்டுக்குத் தனியாக அதிபர் உத்தரவு இருந்ததா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். தனி உத்தரவு கிடையாது. மேகம் பற்றிய கேள்விக்குப் பதில் பாதி ஆம், பாதி இல்லை. மேகமும் புகையும் கோக்குராவை மறைத்தது உண்மை. ஆனால் விமானம் அங்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கும், திரை விலகும்வரை சுற்ற முடியாமல் போனதற்கும் காரணம் வானத்தில் இல்லை. ஒரு எரிபொருள் பம்பிலும், வராத ஒரு விமானத்துக்காகக் காத்திருந்த நேரத்திலும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1945 ஜூலை 25 தேதியிட்ட ஒரு உத்தரவு. ஜெனரல் தாமஸ் ஹாண்டி கையெழுத்திட்டு, பசிபிக் வான்படைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸுக்கு அனுப்பியது. அதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் 3-ஐ ஒட்டி, கண்ணால் பார்த்துக் குண்டு வீச வானிலை இடம் கொடுத்தவுடன் முதல் குண்டு போடப்பட வேண்டும். இலக்குகள் நான்கு: ஹிரோஷிமா, கோக்குரா, நீகாட்டா, நாகசாகி. அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராக இதே இலக்குகள்மீது போடப்படும். இந்த மூன்றாவது வரிதான் நாகசாகியின் தலையெழுத்து. முதல் குண்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே அதிபர் ட்ரூமன் உட்கார்ந்து யோசித்து இன்னொரு முடிவு எடுத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு கட்டம் நடைமுறையிலேயே வைக்கப்படவில்லை. தேதியைத் தீர்மானிக்கும் வேலை, குண்டு விமானங்கள் புறப்படும் பசிபிக் தளமான தினியன் தீவில் இருந்தவர்களிடம் விடப்பட்டிருந்தது.

நாகசாகி அந்தப் பட்டியலுக்குள் வந்ததே கடைசி நேரத்தில்தான். மே மாதம், குண்டை வடிவமைத்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில், அதன் இயக்குநர் ஓப்பன்ஹைமரின் அலுவலகத்தில் கூடிய இலக்குக் குழு கியோட்டோவை முன்னணியில் வைத்திருந்தது. அணுகுண்டுத் திட்டத்தின் ராணுவத் தலைவர் லெஸ்லி குரோவ்ஸுக்கும் அதுவே விருப்பம். போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் பிடிவாதமாக மறுத்து, அதைப் பட்டியலிலிருந்து அடித்தார். அவர் 1920-களில் கியோட்டோவுக்குப் போய் வந்தவர், அந்தப் பழைய தலைநகரை அழித்தால் ஜப்பானியர் என்றைக்கும் மன்னிக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். ஜூலை 24-ஐ ஒட்டித்தான் நாகசாகி சேர்க்கப்பட்டது. ஒரு அணுகுண்டின் விளைவை அளக்க நினைப்பவருக்கு அது நல்ல இலக்கே அல்ல. மலைகள் ஊரைப் பள்ளத்தாக்குகளாகப் பிரிக்கின்றன, ஏற்கனவே சில தடவை சாதாரணக் குண்டுவீச்சும் நடந்திருந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் முகாம் ஒன்று ஊருக்குள் இருப்பதாகத் தகவல் வந்து, ஸ்பாட்ஸ் வாஷிங்டனிடம் கேட்டார். இலக்குகளில் மாற்றம் இல்லை என்று பதில் வந்தது.

அடுத்து, தேதி. இரண்டாவது குண்டு ஆகஸ்ட் 11-க்குத் திட்டமிடப்பட்டிருந்தது. 10-ஆம் தேதி முதல் ஐந்து நாள் வானிலை மோசமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்ததும் 9-க்கு இழுத்தார்கள். இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்துவது என்றால் சோதனைகளைக் குறைப்பது என்றுதான் பொருள். குண்டைப் பொருத்தியவர்களில் ஒருவரான பெர்னார்ட் ஓகீஃப் பின்னாளில் சொன்னது: ஒரு முக்கியமான கேபிள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருப்பதை நள்ளிரவில் கவனித்தார். அதன் முனை எதிர்முனையில் சேரவில்லை. முறைப்படி சரிசெய்வது என்றால் பொருத்திய பகுதிகளை மறுபடி பிரிக்க வேண்டும், அதற்கு நேரம் இல்லை. வெடிபொருள் இருக்கும் அறையில் சூடு தரும் எதையும் கொண்டுவரக் கூடாது என்ற விதியை மீறி, பற்றவைப்புக் கோலைக் கொண்டுவந்து முனைகளைக் கழற்றி மாற்றி ஒட்டினார். அவசரம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அந்த வாரத்தில் இல்லை.

இனி குண்டின் தன்மை. இது தெரியாவிட்டால் அடுத்து எடுத்த முடிவுகள் முட்டாள்தனமாகத் தோன்றும். ஹிரோஷிமாவில் விழுந்த 'லிட்டில் பாய்' யுரேனியக் குண்டு. புறப்படும் விமானங்கள் தினியன் ஓடுபாதையில் விழுந்து எரிவதைப் பார்த்திருந்த கேப்டன் வில்லியம் பார்சன்ஸ், அதை வெடிக்கத் தயார் செய்யும் கடைசி வேலையை விமானம் மேலேறிய பிறகு தானே குண்டறைக்குள் இறங்கிச் செய்தார். நாகசாகியில் விழுந்த 'ஃபேட் மேன்' புளூட்டோனியக் குண்டு. அணு உலையில் பிறந்த புளூட்டோனியத்தில் புளூட்டோனியம்-240 கலந்திருக்கும், அது தானாகவே பிளந்து நியூட்ரான்களை உமிழும். யுரேனியக் குண்டின் எளிய முறையை இதற்குப் பயன்படுத்தினால் முழுமையாக வெடிக்கும் முன்பே புஸ்ஸென்று போய்விடும் என்று 1944 ஜூலையில் உறுதியானபோது, அதுவரை செய்த வடிவமைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மிகச் சிக்கலான இன்னொரு முறைக்கு மாறினார்கள். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் சோதித்துப் பார்த்தது இதைத்தான். விளைவு என்னவென்றால், ஃபேட் மேனின் உட்பகுதியை நடுவானில் பிரித்துப் பொருத்த முடியாது. தரையிலேயே முழுமையாக்கி ஏற்ற வேண்டும். மேலே போனதும் பாதுகாப்புக்குச் செருகியிருந்த பச்சைச் செருகிகளை எடுத்துவிட்டுச் சிவப்புச் செருகிகளை வைப்பது ஒன்றுதான் மிச்சம்.

எடை ஏறக்குறைய 4,670 கிலோ, விட்டம் ஒன்றரை மீட்டர். குண்டு ஏற்றிச் செல்லும் பி-29 விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே அது நுழையாது. அதனால் தினியனில் குழி வெட்டி, குண்டைக் குழிக்குள் இறக்கி, விமானத்தைக் குழிக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தி, கீழிருந்து ஜாக்கியால் தூக்கி மாட்டுவார்கள். விமானம் மாற்றுவது லாரி மாற்றுவதுபோல் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்றைய விமானத்தின் பெயர் 'பாக்ஸ்கார்'. வழக்கமாக அதை ஓட்டுபவர் ஃபிரெடரிக் பாக், பெயரே அவர் பெயரிலிருந்து வந்த சிலேடை. அன்றைக்கு ஓட்டியவர் மேஜர் சார்லஸ் ஸ்வீனி. அவருடைய 'தி கிரேட் ஆர்ட்டிஸ்ட்' விமானத்தில் ஹிரோஷிமாவுக்காக மாட்டிய அளவுக் கருவிகள் அப்படியே இருந்தன. அவற்றைக் கழற்றி மாட்டுவதைவிட ஆட்களை மாற்றுவது எளிது என்று பாக்கும் ஸ்வீனியும் விமானத்தை மாற்றிக்கொண்டார்கள். (குண்டு போட்டது 'தி கிரேட் ஆர்ட்டிஸ்ட்' என்று ஆரம்பச் செய்திகளில் தவறாக வந்தது இந்தக் குழப்பத்தால்தான்.) குண்டுக்குப் பொறுப்பு கடற்படைக் கமாண்டர் ஃபிரெடரிக் ஆஷ்வொர்த். குறிபார்த்து விடுபவர் கெர்மிட் பீஹன், அன்று அவருக்கு 27-ஆவது பிறந்தநாள்.

புறப்படும் முன் சோதனையில் விமானப் பொறியாளர் ஜான் குஹாரெக் கண்டுபிடித்தது: பின்பக்கக் குண்டறையில் வைத்திருந்த கூடுதல் தொட்டியிலிருந்து எரிபொருளை முதன்மைத் தொட்டிகளுக்கு ஏற்றும் பம்ப் வேலை செய்யவில்லை. அந்தத் தொட்டியில் 640 அமெரிக்க காலன், அதாவது சுமார் 2,400 லிட்டர். வேண்டாம் என்று விட்டுவிட்டும் போக முடியாது. அந்த ஒன்றே முக்கால் டன் பெட்ரோலை ஜப்பான்வரை சுமந்து போய்ச் சுமந்து வர வேண்டும், சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும். பம்பை மாற்றப் பல மணி நேரம் ஆகும். வேறு விமானத்துக்கு மாற்றலாம் என்றால், முழுமையாகத் தயாரான குண்டை இறக்கி மறுபடி குழிக்குக் கொண்டுபோக வேண்டும். வானிலையோ அடுத்த நாள் கெடப்போகிறது. படைப்பிரிவுத் தலைவர் பால் டிபெட்ஸ் முடிவை ஸ்வீனியிடம் விட்டார். ஸ்வீனி போகலாம் என்றார். தினியன் நேரம் 3:47, ஜப்பான் நேரம் அதிகாலை 2:47. இனி எல்லாம் ஜப்பான் நேரத்தில்.

வழியில் புயல். வழக்கமான தாழ்ந்த உயரத்தை விட்டு 17,000 அடியில் பறக்க வேண்டியதாயிற்று, அதற்கும் எரிபொருள் கூடுதல். நடுவில் குண்டின் நிலையைக் காட்டும் கண்காணிப்புப் பெட்டியில் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரிந்து எல்லோரையும் கதிகலங்க வைத்தது. ஆஷ்வொர்த்தின் உதவியாளர் பிலிப் பார்ன்ஸ் மூடியைத் திறந்து வரைபடத்தோடு ஒப்பிட்டார். இரண்டு சுவிட்சுகள் மாறி வைக்கப்பட்டிருந்தன. சரிசெய்தார்.

அன்று சேர்ந்து போக வேண்டிய மூன்று விமானங்களும் சந்திக்கும் இடம், கோக்குராவும் நாகசாகியும் இருக்கும் கியூஷு தீவுக்குத் தெற்கே யாக்குஷிமா தீவுக்கு மேல், 30,000 அடி. பாக்ஸ்காரும், அளவுக் கருவிகள் இருந்த 'தி கிரேட் ஆர்ட்டிஸ்ட்' விமானமும் சேர்ந்துவிட்டன. படமெடுக்க வேண்டிய 'பிக் ஸ்டிங்க்' வரவில்லை. அதன் விமானி ஜேம்ஸ் ஹாப்கின்ஸ் 39,000 அடியில், தீவைச் சுற்றாமல் நீளமாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்தப் படவிமானத்தின் கதை புறப்படும்போதே கெட்டுவிட்டது: அதிவேகக் கேமராவை இயக்கத் தெரிந்த இயற்பியலாளர் ராபர்ட் செர்பரை, பாராசூட் எடுத்து வரவில்லை என்று ஓடுபாதையிலேயே இறக்கிவிட்டிருந்தார்கள். ஆளில்லாத கேமராவோடு வரும் விமானத்துக்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

காத்திருக்க அனுமதி 15 நிமிடம். ஸ்வீனி ஏறக்குறைய 40 நிமிடம் சுற்றினார்.

இதற்குள், முன்னே போன வானிலை விமானங்கள் கோக்குரா, நாகசாகி இரண்டு ஊர்களிலும் கண்ணால் பார்த்துப் போடலாம் என்று தகவல் சொல்லிவிட்டன. கோக்குராவுக்குப் போன வானிலை விமானம் வேறெதுவும் அல்ல, ஹிரோஷிமாவில் குண்டு போட்ட அதே 'எனோலா கே'. அதாவது முதல் இலக்கு குறித்த நேரத்தில் திறந்திருந்தது. யாக்குஷிமாவில் போன நேரத்தின் விலை அதுதான்.

கோக்குராவில் இருந்தது ஜப்பானின் பெரிய ஆயுதச் சாலைகளில் ஒன்று, குறியும் அதுவே. விமானம் போய்ச் சேர்ந்தபோது ஊரின் பெரும்பகுதி மறைந்திருந்தது. முந்தைய நாள், ஆகஸ்ட் 8, பக்கத்து ஊரான யாவாட்டாமீது இருநூறுக்கும் மேற்பட்ட பி-29 விமானங்கள் தீக்குண்டு வீசியிருந்தன. அந்தப் புகை காற்றில் இந்தப் பக்கம் வந்தது என்பது பொதுவான விளக்கம். யாவாட்டா இரும்பாலையில் வேலை செய்த ஒருவர், விமானங்களைக் கண்டதும் தார் எரித்துப் புகைத்திரை எழுப்பினோம் என்று பல பத்தாண்டுகள் கழித்து ஜப்பானியப் பத்திரிகையிடம் சொன்னார். மேகம், தீயின் புகை, வேண்டுமென்று எழுப்பிய புகை, இவற்றில் எதற்கு எத்தனை பங்கு என்று இனிப் பிரிக்க வழியில்லை. பழிபோடுவதற்கு மேகம் வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க வான்படையே முந்தைய நாள் மூட்டிய தீ தன் இலக்கைத் தானே மறைத்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

மூன்று முறை, மூன்று திசைகளிலிருந்து நுழைந்து பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் பீஹனுக்குக் குறி தெரியவில்லை. ரேடாரைப் பார்த்துப் போடக் கூடாது என்பது கண்டிப்பான கட்டளை. அன்றைய ரேடார் கடலையும் கரையையும் பிரித்துக் காட்டும், ஒரு கட்டடத்தைக் காட்டாது. பிழை கிலோமீட்டர் கணக்கில் போகலாம். கீழிருந்து பீரங்கி சுட ஆரம்பித்தது, போர் விமானங்கள் ஏறி வருவதாகவும் தெரிந்தது. முக்கால் மணி நேரம் கரைந்தது. குஹாரெக் எரிபொருள் கணக்கைச் சொன்னார்.

அந்தக் கணக்கைத் தோராயமாக நாமும் போட்டுப் பார்க்கலாம். ஏற்றியது ஏறக்குறைய 7,000 காலன், அதில் 640 பயனற்றது. மிச்சம் சுமார் 6,360. கடைசியில் தரையிறங்கும்போது தொட்டிகள் கிட்டத்தட்டக் காலி, பறந்தது சுமார் பத்து மணி நேரம். ஆக மணிக்குச் சராசரி 600 காலனுக்கு மேல். யாக்குஷிமாவில் அனுமதிக்கு மேல் கழித்த 25 நிமிடத்துக்கு 250 காலன், கோக்குராமீது 45 நிமிடத்துக்கு 450. கூட்டினால் 700. பம்ப் பிடித்து வைத்த அளவும், காத்திருந்தும் சுற்றியும் தொலைத்த அளவும் ஏறக்குறைய ஒன்று. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் பாக்ஸ்கார் கோக்குராவை இன்னும் சில தடவை சுற்றியிருக்கும், அல்லது குறித்த நேரத்தில் போய்த் தெளிந்த வானத்தில் போட்டிருக்கும். "கோக்குராவின் அதிர்ஷ்டம்" என்று ஜப்பானில் சொல்லும்போது இந்த இரண்டும் அதில் அடக்கம்.

பட்டியலில் இருந்த இன்னொரு இலக்கான நீகாட்டா ஹோன்ஷுவின் வடமேற்குக் கரையில், எட்டாத தொலைவில். ஆக மாற்று என்று இருந்தது நாகசாகி ஒன்றுதான், அது தெற்கே, திரும்பும் வழியை ஒட்டி. போகும்போதே கணக்கு தெளிவு: ஒரே ஒரு குண்டுவீச்சு ஓட்டத்துக்குத்தான் எரிபொருள், அதன் பிறகும் தினியன் போக முடியாது, அமெரிக்கர் கையில் இருந்த ஓக்கினாவா தீவில்தான் இறங்க வேண்டும். குண்டோடு ஓக்கினாவாவில் இறங்குவது ஆபத்து, கடலில் போட்டுவிடுவது வீண். நாகசாகியும் மேகத்தால் மூடியிருக்கவே, தேவையானால் ரேடாரில் போடலாம் என்று ஆஷ்வொர்த் கட்டளையை மீறும் பொறுப்பை ஏற்றார். ஓட்டத்தின் பெரும்பகுதி ரேடாரில்தான் நடந்தது. கடைசி அரை நிமிட அளவில் மேகத்தில் இடைவெளி தெரிந்தது என்று பீஹன் கத்தி, கட்டுப்பாட்டை வாங்கி, குண்டை விட்டார்.

நேரம் 11:02. தரைக்கு மேல் சுமார் 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது, ஆற்றல் ஏறக்குறைய 21 கிலோடன், அதாவது 21,000 டன் டி.என்.டி வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமாவில் 15.

குறித்த புள்ளி துறைமுகத்தை ஒட்டிய நகரின் மையம். வெடித்தது அதற்கு வடமேற்கே ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தள்ளி, உராகாமி பள்ளத்தாக்குக்கு மேல். ஒரு பக்கம் மிட்சுபிஷியின் எஃகு, ஆயுத ஆலை, மறு பக்கம் அதன் டார்பீடோ ஆலை. இரண்டும் நொறுங்கின, அதனால் 'குண்டு சரியாக விழுந்தது' என்று பின்னர் எழுதியவர்களும் உண்டு. நடுவே இருந்தவை உராகாமி தேவாலயம், மருத்துவக் கல்லூரி, பள்ளிகள், வீடுகள். தலைமுறை தலைமுறையாக ரகசியமாக மதம் காத்த கத்தோலிக்கர்களின் பேட்டை அது. அந்தத் தேவாலயப் பங்கைச் சேர்ந்த சுமார் 12,000 பேரில் 8,500 பேர் இறந்ததாகக் கணக்கு.

குண்டின் ஆற்றல் கூடுதலாக இருந்தும் ஹிரோஷிமாவைவிட நாகசாகியில் சாவு குறைந்ததற்கு மலைகள்தான் காரணம். ஹிரோஷிமா ஆற்றுமுகத் தட்டைநிலம், குண்டும் நடுவூரில் வெடித்து, தீ ஒன்றுசேர்ந்து தீப்புயலானது. நாகசாகியில் மலைத்தோள்கள் அதிர்வையும் வெப்பத்தையும் தடுத்து, பழைய நகர மையத்தை ஓரளவு காத்தன. 1945 முடிவுக்குள் இறந்தவர்கள் நாகசாகியில் ஏறக்குறைய 74,000, ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 1,40,000 என்பது அந்தந்த நகரங்கள் தரும் மதிப்பீடு. இன்னொரு விஷயமும் உண்டு. காலை 7:50-க்கு ஒலித்த அபாயச் சங்கு 8:30-க்கு அடங்கிவிட்டது. பதினோரு மணிக்கு முன்பு இரண்டு பி-29 மட்டும் தெரிந்தபோது வேவு விமானம் என்று எண்ணி மறுபடி சங்கு ஊதவில்லை. ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்பது மூன்று நாளில் இந்த ஊர் மக்களுக்கு முழுதாக எட்டியிருக்கவுமில்லை.

பாக்ஸ்கார் மதியம் 1 மணியை ஒட்டி ஓக்கினாவாவின் யோன்டன் தளத்தை அடைந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரம் ரேடியோவில் பதில் சொல்லவில்லை. இருக்கிற வண்ண வெடிகளை எல்லாம் சுட்டு, அவசரம் என்று தெரிவித்து, அனுமதி இல்லாமலே இறங்கினார்கள். இறங்கும்போதே ஒரு எஞ்சின் எரிபொருள் இன்றி நின்றது. அன்று தினியனில் இன்னொரு கூத்து நடந்திருந்தது: விமானத்தைக் காணாத ஹாப்கின்ஸ் ரேடியோ மௌனத்தை உடைத்துக் கேட்டதை, ஸ்வீனி பயணத்தைக் கைவிட்டார் என்று தவறாகப் புரிந்துகொண்டு அங்கே கொஞ்ச நேரம் கலங்கிக் கிடந்தார்கள்.

டோக்கியோவில் அதே காலை, ஜப்பானின் உச்சத் தலைவர்கள் ஆறு பேர் கொண்ட போர்க்குழு கூடியிருந்தது. அவர்களைக் கூட்டியது நாகசாகி அல்ல. முந்தைய இரவு சோவியத் போர் அறிவித்து, நள்ளிரவு தாண்டியதும் மஞ்சூரியாவுக்குள் நுழைந்திருந்தது. நாகசாகிச் செய்தி கூட்டத்தின் நடுவில் வந்தது. வந்த பின்னும் சரணடையும் நிபந்தனைகள் பற்றி ஆறு பேரும் மூன்றுக்கு மூன்றாகவே பிரிந்து நின்றார்கள். இரண்டாவது குண்டுதான் ஜப்பானைப் பணிய வைத்தது என்று ஒரே வரியில் சொல்பவர்கள் இந்த மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை.

ஜூலை 25 உத்தரவின் அந்த மூன்றாவது வரி என்ன ஆயிற்று? ஆகஸ்ட் 10 அன்று, அடுத்த குண்டு 17 அல்லது 18-க்குப் பிறகு வானிலை சரியான முதல் நாளில் போடத் தயாராகும் என்று குரோவ்ஸ் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலுக்கு எழுதினார். அதிபரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஜப்பான்மீது போடக் கூடாது என்று மார்ஷல் அந்தக் கடிதத்திலேயே கைப்பட எழுதித் திருப்பினார். தயாராகத் தயாராகப் போடலாம் என்ற முறை அன்றோடு நின்றது. மூன்றாவது குண்டுக்கான புளூட்டோனிய உருண்டை லாஸ் அலமாஸைவிட்டு வெளியேறவில்லை. ஆகஸ்ட் 21 அன்று அதை வைத்துச் சோதனை செய்த ஹாரி டாக்லியன் கதிர்வீச்சு பட்டு 25 நாளில் இறந்தார். 1946 மே 21 அன்று அதே உருண்டை, கை நழுவிய ஒரு ஸ்க்ரூடிரைவரால், லூயிஸ் ஸ்லோட்டினை ஒன்பது நாளில் கொன்றது. அதன் பிறகு அதை உருக்கி மற்ற உருண்டைகளில் சேர்த்துவிட்டார்கள்.